இடமகல்

புதுக்கடையில், நீதிமன்றத்துக்கு எதிர்ச்சந்தில்,
போட்டோகொப்பிக் கடையின் மேல்மாடியில்
பிறப்புச் சான்றிதழ்களை மொழிபெயர்க்கிறேன்.
பிறந்த திகதி. பிறந்த இடம். பால்.
தாயின் முழுப்பெயர்.
இன்று மத்தியானத்துக்குள் ஒன்பது பிள்ளைகள்.

என் நோயின் பெயரை எவரும் மொழிபெயர்த்துத் தரவில்லை.
நானே அகராதியில் தேடி எடுத்தேன்:
இடமகல் கருப்பை அகப்படலம்.
கருப்பைக்குள் இருக்கவேண்டிய ஒரு தோல்
சூலகத்தில், குடலின் முதுகில்,
பெயர் தெரியாத மடிப்புகளில் போய்க் குடியிருக்கிறது.
போன இடத்திலும் பழைய ஊர் நாட்காட்டிப்படி
மாதம் தவறாமல் இரத்தம் சிந்துகிறது.
வன்னியில் மூன்று முறை இடம்பெயர்ந்தவள் நான்.
அந்தச் சொல்லை வாசித்ததும் சிரிப்பு வந்தது,
பிறகு நிறுத்த முடியவில்லை.

பதினெட்டு வருஷம்
'பொம்பிளையளுக்கு உள்ளதுதானே' என்றார்கள்.
பனடோல் இரண்டு. வகுப்பில் கடைசி வாங்கு.

டொக்டர் குமுதுனி ஸ்கானைப் பார்த்தபடி
'சொக்லேட் சிஸ்ட்' என்றார். இடப்பக்கம். நாலு சென்டிமீற்றர்.
இதற்கு இப்படிப் பெயர் வைத்தவன்
ஒருநாளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு
நிலத்தில் படுத்திருக்கமாட்டான் என்றான் துவாரகன்.

முதலில் ஊசி, இருபத்தெட்டு நாளுக்கு ஒன்று.
ஒரு ஊசியின் விலை நாற்பது பிறப்புச் சான்றிதழ்.
மாதவிடாய் நின்றது.
முப்பத்து மூன்று வயதில் ஐம்பத்திரண்டு வயது உடம்பு.
நூறாம் இலக்க பஸ், கொள்ளுப்பிட்டிச் சந்தி,
கழுத்திலிருந்து காதுவரை தீ ஏறுகிறது.
பக்கத்து இருக்கைப் பெண்
மடித்த பத்திரிகையால் எனக்கும் சேர்த்து விசிறி,
'எனக்கும் இப்பதான் தொடங்கினது' என்றாள் சிங்களத்தில்.
தலை நரைத்திருந்தது அவளுக்கு.

ஆனால் நோவு இல்லை.
நோவில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை எப்படியிருக்குமென்று
அதற்குமுன் எனக்குத் தெரியாது.
வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டிவரை
தண்டவாளக் கரையால் நடந்து போனோம்.
இறால் வடை தின்றோம்.
அயலவர் எல்லாம் ஊருக்குப் போய்விட்ட
மாடிவீடு மாதிரிக் கிடந்தது உடம்பு.

ஊசிக்குப் பிறகு குளிசை, தினமும் இரவு எட்டுக்கு.
'இது இருக்கும்வரை முட்டை வராது.
பிள்ளை வேணுமெண்டால் நிப்பாட்டவேணும்.
நிப்பாட்டினால் நோவு திரும்பலாம்.
கனகாலம் யோசிக்கவும் ஏலாது.'
இரத்தப் பரிசோதனைத் தாளில் சைபர் தசம் ஏழு.
தசம் ஓரிடம் தள்ளிப்போனால்
என் தொழிலில் முத்திரையே பறிபோகும்.
நாலு தரம் பார்த்தேன். தள்ளிப்போகவில்லை.

லிப்டில் ஆறாம் மாடி அன்ரி:
'இன்னும் விசேஷம் ஒண்டும் இல்லையோ?'
'லிப்ட் வந்திட்டுது அன்ரி' என்றேன்,
உள்ளே நின்றுகொண்டே.

'நீ நோகாமல் இருந்தாலே எனக்குக் காணும்'
என்றான் துவாரகன்.
உண்மையைத்தான் சொன்னான்.
அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது.
தீர்மானத்தை முழுசாக என் மடியில் வைத்துவிட்டு
பாத்திரம் கழுவப் போனான்.

அட்டையில் மூன்று குளிசை மிச்சமிருக்க
நிறுத்தினேன். தேதி பார்க்கவில்லை.
பிள்ளை ஆசையா, உடம்பை ஒருதரம்
அதன் பாட்டில் விட்டுப் பார்க்கும் ஆசையா,
இப்பவும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

முப்பத்தொன்பதாம் நாள் காலை
திறப்பு வைத்திருக்கும் ஆள்போல்
தட்டாமல் உள்ளே வந்தது.
மேசை விளிம்பைப் பிடித்தபடி முத்திரை குத்தினேன்.
கனடா விசாவுக்காக வந்த பெரியவரின் சான்றிதழில்
பெயர்க் கட்டத்துக்குள் ஒரு கோடு மட்டும்.
'பேர் பிறகுதான் வைச்சது பிள்ளை' என்றார்.
கோட்டை அப்படியே இறக்கினேன்.
வெந்நீர்ப் போத்தலை வயிற்றோடு சேர்த்து
அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.